ஞானத்தங்கத்தின் ரத்தம்

ஜனவரி 9, வெள்ளி

காலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. அரை பக்கெட் தண்ணீரில் குளித்துவிட்டு எரிச்சலோடு லேபுக்குப் போனால், ரத்தம் எடுக்கும் நாற்காலியில் ஞானத்தங்கம் உட்கார்ந்திருக்கிறாள்.

என் நாத்தனார். கோர்ட் என்னையும் அவள் தம்பி சாலமோனையும் பிரித்து வருஷங்கள் ஆகிவிட்டன. இருந்தும் அவளை முன்னாள் நாத்தனார் என்று எழுதக் கை வரவில்லை. சாலமோனைக் கூட மறந்துவிட்டேன். இவளை ஒரு நாளும் மறந்ததில்லை.

போன வருஷம் மதுரையில் அவள் வயிற்றில் முக்கால்வாசியை அறுத்து எடுத்தார்கள். புற்று. கீமோ எல்லாம் முடிந்து இப்போது எங்கள் ஆஸ்பத்திரி கேன்சர் டாக்டரிடம் காட்ட வந்திருக்கிறாள். கட்டி மறுபடி முளைத்தால் சில புரதங்களை ரத்தத்தில் சிந்தும். அதை அளந்து பார்த்தால், ஸ்கேனில் தெரியும் முன்பே சில சமயம் தெரிந்துவிடும். பாளையங்கோட்டையில் அதை அளக்கிற மெஷின் எங்கள் லேபில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் போடுகிற கையெழுத்து என்னுடையது. இது தெரியாமல் வந்திருக்கிறாள்.

என்னைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். முடி கொட்டி மண்டை தெரிந்தது. ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் இவள் கொண்டையைப் பற்றித்தான் பேச்சு.

"நீ இங்கனதான் இருக்கியா?" என்றாள்.

"நான் எங்கயும் ஓடிப் போகலியே மைனி," என்றேன். ஊசியோடு நின்ற மைதீன் என் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

கூட வந்தது கெசியா. என் மகள். காலேஜ் முதல் வருஷம். "ரிப்போர்ட் எப்ப கிடைக்கும் மேடம்?" என்று கேட்டாள். சாயங்காலம் என்றேன். செருப்பு வார் அறுந்து ஊக்கு மாட்டியிருந்தாள்.

அந்தப் புரதம் ஏழுக்குள் இருக்க வேண்டும். மதுரை ரிப்போர்ட்டில் ஐந்து. இன்று பதினொன்று. கையெழுத்துப் போட்டுவிட்டு கேன்டீனில் இரண்டு பருப்பு வடை வாங்கித் தின்றேன். ருசியாக இருந்தது.

ஜனவரி 11, ஞாயிறு

கோவில். பரமண்டல ஜெபத்தில் 'எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல' என்ற மன்னிப்பு வரி வரும்போது வழக்கம்போல் வாயை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நிற்பவர்களுக்கு இது பழகிவிட்டது. இருமல் வந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

மன்னிக்க என்ன இருக்கிறது? கெசியாவுக்கு நாலு வயது. சாலமோன் மஸ்கட்டில். "படிச்சுட்டு வா, அக்கா புள்ளயப் பாத்துக்கிடுவா" என்று அவன்தான் சொன்னான். சென்னைக்குப் போனேன், ரெண்டு வருஷப் படிப்பு. தினம் சாயங்காலம் போன் போடுவேன். "புள்ள தூங்கிட்டா" என்பாள் ஞானத்தங்கம். ஆறு மணிக்கு எந்தப் பிள்ளை தூங்கும்? ஊருக்கு வந்தால் "அம்ம வேண்டாம்னு புள்ள சொல்லுதா, நான் என்ன செய்ய" என்பாள். பிள்ளையிடம், உன்னை வேண்டாம் என்று உங்கம்மா போய்விட்டாள் என்று சொல்லியிருக்கிறாள். தெருவில், கூடப் படிக்கிற ஒருவனோடு போய்விட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். தம்பிக்கும் அதையே போனில் சொல்லியிருக்கிறாள். அவன் நம்பிவிட்டான்.

கோர்ட்டில் ஜட்ஜ் கேட்டபோது கெசியா அத்தையின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "நான் தங்கம் அத்தைகிட்டதான் இருப்பேன்" என்றாள்.

நேற்றுக் கூட யோசித்தேன். நான் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. மெஷின் சொல்கிறது, நான் கையெழுத்துப் போடுகிறேன். அவ்வளவுதான்.

பிப்ரவரி 10, செவ்வாய்

இருபத்து நாலு!

மெஷின் எண்ணைக் காட்டியபோது சிரித்துவிட்டேன் போலிருக்கிறது. "நல்ல சேதியா மேடம்?" என்றான் மைதீன். "ஆமா" என்றேன்.

டாக்டர் மார்ச்சில் இன்னொரு தடவை ரத்தம் பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்கலாம் என்றிருக்கிறார். ஞானத்தங்கம் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் இரண்டு தடவை வேலையில்லாமல் நடந்தேன். பயம் முகத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை. கெசியா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். செருப்பு இன்னும் அதே ஊக்கோடு.

வரும் வழியில் சீலா மீன் வாங்கினேன். ஒருத்திக்கு எதற்கு அரைக் கிலோ என்று மீன்காரம்மா கேட்டாள். கொண்டாட்டம் என்றேன்.

பிப்ரவரி 11

கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். மிச்ச மீன் கெட்டுப் போய்விட்டது.

பிப்ரவரி 18, புதன்

சாம்பல் புதன். லெந்து நோன்பு நாளில் எதையாவது விட வேண்டும் என்று போதகர் ஐயர் பிரசங்கம் பண்ணினார். காப்பியை விடலாம் என்று இருக்கிறேன். வேறு எதையும் விடுவதாக இல்லை.

மார்ச் 12, வியாழன்

ஒன்று புள்ளி இரண்டு.

மறுபடி ஓட்டினேன். ஒன்று புள்ளி ஒன்று. டியூபில் பெயர் பார்த்தேன், அவள்தான். மெஷினுக்குக் காலையில் வைக்கிற சோதனை ரத்தம் சரியாக வந்திருக்கிறது. ஒரே மாதத்தில் இருபத்து நாலு எப்படி ஒன்றாகும்? மருந்து கிடையாது, ஊசி கிடையாது. ஜெபம் பண்ணினாளாம். எனக்கு வயிறு எரிந்தது. அவளுக்கு மட்டும் கேட்டதெல்லாம் கிடைக்கும். என் பிள்ளை கிடைத்தாள், இப்போது உயிரும் கிடைத்துவிட்டது.

நம்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். நல்ல மனசோடு இருந்திருந்தால் இதை நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். வன்மம்தான் நாற்காலியில் உட்கார வைத்தது.

உடம்பு சோர்வாக இருக்கிறது என்று டாக்டர் தைராய்டும் எழுதியிருந்தார். அதைப் பார்த்தேன். தைராய்டு தலைகால் புரியாமல் ஏறியிருப்பதாகக் காட்டுகிறது. போன மாதம் ஒன்றும் இல்லை. இந்த ரிப்போர்ட் உண்மையானால் அவள் வேர்த்து விறுவிறுத்து, நெஞ்சு படபடத்து, ஓரிடத்தில் நிலைக்காமல் இருக்க வேண்டும். காலையில் பார்த்தேனே, அம்மிக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

அப்போது புரிந்தது. பயோட்டின். முடி வளர, நகம் வளர என்று விற்கிறார்களே, அந்த மாத்திரை. எங்கள் மெஷின் பழைய மாடல். புரதத்தைப் பிடித்துக்கொண்டு வரும் ஆளைப் பயோட்டினை வைத்துத்தான் சீட்டில் உட்கார வைக்கும். மாத்திரை தின்றவர்கள் ரத்தத்தில் பயோட்டின் முன்னாலேயே நிறைந்திருக்கும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற மாதிரி எல்லா சீட்டிலும் அது உட்கார்ந்துவிடும். புரதம் வாசலிலேயே நின்றுவிடும். மெஷின் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு ஆளே இல்லை என்று எழுதிவிடும். தைராய்டு பரிசோதனை ஒன்றில் இதே கூத்து தலைகீழாக நடந்து, எண் ஏறிக் காட்டும்.

ஆக, கட்டி போகவில்லை. மறைந்து நிற்கிறது.

மூன்று நாள் மாத்திரையை நிறுத்திவிட்டு ரத்தம் எடுத்தால் உண்மை தெரியும். ஒரு போன் போட்டால் போதும்.

மைதீன் எல்லாரிடமும் "மருந்து எதுவும் சாப்பிடுதீங்களா" என்று கேட்பான். இவளிடமும் கேட்டிருக்கிறான். இல்லை என்றிருக்கிறாள். அவள் சொன்னதற்கு நான் என்ன செய்ய முடியும்?

கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 13, வெள்ளி

மெஷின் சொன்னதை மாற்றி எழுத எனக்கு என்ன உரிமை? விதிப்படி எல்லாம் சரி. யாரும் என்னைக் கேட்க முடியாது.

மார்ச் 14, சனி

டாக்டர் ஸ்கேனை ஜூனுக்குத் தள்ளிவிட்டார். போன தடவை ஏறியது குடல் புண்ணாக இருக்கும் என்றாராம். தைராய்டுக்கு வேறு டாக்டரைப் பார்க்கச் சொன்னாராம். ஜூன்! அதற்குள் கட்டி கல்லீரலில் குடித்தனமே வைத்துவிடும்.

ஞானத்தங்கம் வராந்தாவில் முழங்கால் போட்டு அழுது ஸ்தோத்திரம் சொன்னதாக மைதீன் வந்து சொன்னான். "பாவம் மேடம், நல்ல அம்மா" என்றான். அவனைக் கழிவு டியூபெல்லாம் எடுத்துக் கொட்டச் சொன்னேன்.

மார்ச் 17, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. காப்பியை விட்டதால் இருக்கும். இன்று குடித்துவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

கெசியா தனியாக வந்தாள். லேப் வாசலில் நின்று, "உள்ள வரலாமா மேடம்?" என்றாள். என் மேஜைக்கு அவள் வந்தது இதுதான் முதல் தடவை. உட்காரச் சொல்ல மறந்துவிட்டேன்.

"ஞாயித்துக்கெழம வீட்ல ஸ்தோத்திரக் கூட்டம் வச்சிருக்கோம். அத்தை உங்களையும் கூப்பிடச் சொன்னாங்க."

"என்னயவா?"

"நல்ல ரிப்போர்ட்டு நீங்கதான குடுத்தீங்க. அதான்."

நெற்றியில் என் அம்மாவின் சுழி அப்படியே இருக்கிறது. அதைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன். "அத்தைக்கு முடி கொஞ்சம் தலை காட்டுதே, என்ன தேய்க்குதாங்க?" தெரிந்துதான் கேட்டேன். அந்த மாத்திரையை அவள் திருட்டுத்தனமாகத் தின்கிறாள், மொட்டைத் தலையிலும் கொண்டை கேட்கிறது என்று எழுதி வைத்துச் சிரிக்க வேண்டும் என்று நினைத்தேன்.

கெசியா முகம் மலர்ந்துவிட்டது. "தேய்க்கல மேடம், மாத்திரை! நான்தான் வாங்கிக் குடுத்தேன். ட்யூஷன் எடுக்கேன்ல, அந்தக் காசுல. கோவிலுக்குப் போக வெக்கப்பட்டாங்க, பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. மறந்துருவாங்கன்னு தினமும் காலைல நானே வாயில போட்டுவிடுவேன்."

"ரத்தம் எடுத்த அன்னைக்குமா?"

"ஆமா. வெறும் வயித்துல வரச் சொன்னீங்க, மாத்திர மட்டும்தான் குடுத்தேன்."

"மருந்து சாப்பிடுதாங்களான்னு மைதீன் கேட்டானே."

"அது மருந்து இல்லியே மேடம். விட்டமின்தான?"

அவள் போன பிறகு கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். செருப்புக்கு வார் மாற்றாமல் மிச்சம் பிடித்து அந்த மாத்திரையை வாங்கியிருக்கிறாள்.

மார்ச் 21, சனி

ஒரு நாள் யாராவது கெசியாவிடம் சொல்லுவார்கள். டாக்டர் சொல்லுவார், அல்லது அவளே எங்காவது படிப்பாள். தன் கையால் ஊட்டிய மாத்திரையால்தான் அத்தை போனாள் என்று தெரிந்துகொள்வாள்.

ஞானத்தங்கம் செத்தால் எனக்கு என்ன என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

போனேன்.

அந்த வீட்டு வாசலைத் தாண்டி எத்தனை வருஷம். கதவுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். லெந்து நாள் என்பதால் பிரியாணி இல்லை, கேசரியும் வடையும். கூடம் நிறையச் சபை ஆட்கள். என்னைப் பார்த்ததும் பாட்டு ஒரு நிமிஷம் சுருதி இறங்கி மறுபடி ஏறியது. மூலையில் நின்றேன். ஞானத்தங்கம் புதுச் சேலையில், தலையில் முந்தானை இல்லாமல், இப்போதுதான் முளைத்த குட்டை முடியோடு சாட்சி சொன்னாள். கர்த்தர் தன்னைத் தொட்டுவிட்டார் என்றாள். அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், "தொட்டது கர்த்தர் இல்ல, மாத்திரை" என்று கத்தியிருக்கலாம். அப்படி ஒரு சந்தர்ப்பத்துக்காகத்தான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். ஆனால் கெசியா கேசரித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள்.

அடுக்களையில் ஞானத்தங்கத்தைத் தனியாகப் பிடித்தேன்.

"மைனி, முடி மாத்திரைய இன்னையோட நிறுத்துங்க."

"எதுக்கு?"

"அதுதான் ரிப்போர்ட்ட மறைக்கு. நார்மல்னு வந்தது பொய்."

ஞானத்தங்கம் எப்போதும் புத்திசாலி. விளக்கம் கேட்கவில்லை. கேஸ் அடுப்புப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கூடத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"இத எப்ப கண்டுபிடிச்ச?"

இன்றுதான் என்று சொல்லியிருக்கலாம். "கையெழுத்துப் போட்ட அன்னைக்கே," என்றேன்.

"அப்ப என்னயச் சாக விடணும்னுதான் இருந்த."

"ஆமா."

"பின்ன ஏன் வந்த?"

கூடத்தைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கெசியா ஒரு கிழவருக்குக் குனிந்து தட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். ஞானத்தங்கம் சட்டென்று என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது.

"எமீமா, மாத்திரையப் பத்தி அவகிட்டச் சொல்லிராத. புள்ள ஒடைஞ்சு போவா."

"அத ஒங்களுக்குச் சொல்லத்தான் வந்தேன். நீங்க சொல்லிராதீங்க."

"அப்ப அவகிட்ட என்ன சொல்ல?"

"லேப்ல தப்பு நடந்துபோச்சுன்னு சொல்லுங்க. நான் தப்பா பாத்துட்டேன்னு சொல்லுங்க. எம்பேர்ல ஒரு பொய் சொல்ல ஒங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

கையை விட்டுவிட்டாள். முகத்தை மூடிக்கொண்டாள். அழட்டும் என்று நின்றேன். பிறகு குனிந்து காதருகில் சொன்னேன். "நான் அவள விட்டுட்டுப் போகலன்னு தெரிஞ்ச ஆளு இந்த ஊர்ல நீங்க ஒருத்திதான். அத ஒங்க வாயால அவகிட்டச் சொல்லாம நீங்க சாகக் கூடாது. விடமாட்டேன்."

கேசரி சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

மார்ச் 26, வியாழன்

ரத்தம் எடுத்தோம். நானே ஊசி போட்டேன், மைதீனை விடவில்லை. கெசியா வராந்தாவில் நின்றுகொண்டாள். மெஷின் ஓடி முடியும் வரை பக்கத்திலேயே நின்றேன்.

ஐம்பத்தெட்டு. தைராய்டு ஒழுங்காக இருக்கிறது.

பிப்ரவரியில் இந்த எண் வந்திருந்தால் மீன் வாங்கியிருப்பேன். டாக்டரிடம் நானே எடுத்துக்கொண்டு போனேன். நடந்ததைச் சொல்லி, மாத்திரை பற்றி நோயாளியின் வீட்டில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தெரிந்தும் கையெழுத்துப் போட்டதை மட்டும் சொல்லவில்லை. நாளைக்கே ஸ்கேன்.

மார்ச் 28, சனி

வயிற்றோரம் நெறிக்கட்டி இரண்டு. வேறு எங்கும் போகவில்லை. மதுரையில் அறுத்து எடுத்த கட்டியை அப்போதே சோதித்த ரிப்போர்ட்டின்படி, அதன் மேல் ஹெர்-டூ என்ற புரதம் இருக்கிறதாம். அதைக் குறி வைத்து அடிக்கிற ஊசி இருக்கிறது. கீமோவோடு சேர்த்துப் போடப் போகிறார்கள். பிழைக்க வழி இருக்கிறது என்றார் டாக்டர். ஜூன் வரை விட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

கெசியா லேபுக்குள் நேராக வந்துவிட்டாள். அனுமதி கேட்கவில்லை.

"ஒரு வேலைய ஒழுங்காப் பாக்கத் தெரியாதா ஒங்களுக்கு? அன்னைக்கு வேண்டாம்னு விட்டுட்டுப் போனீங்க. இன்னைக்கு எங்கத்தையவும் கொன்னுருப்பீங்க!"

மைதீன் எழுந்து வந்தான். அவனைப் போகச் சொன்னேன். "தப்புதான்," என்றேன். வேறு என்ன சொல்ல? ஞானத்தங்கம் சொல்ல வேண்டியதைச் சரியாகச் சொல்லியிருக்கிறாள். அந்தத் திறமை இன்னும் குறையவில்லை.

முதல் பொய்யை அவளாகச் சொன்னாள். இரண்டாவதை நான் சொல்லிக் கொடுத்தேன். இரண்டிலும் திட்டு வாங்குவது நான்.

ஏப்ரல் 3

பெரிய வெள்ளி. மூன்று மணி ஆராதனை. மன்னிப்பு வரியில் இன்றும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு வரிசை முன்னால் ஞானத்தங்கமும் நிற்கிறாள். குட்டை முடித் தலையில் இன்றும் முந்தானை இல்லை. அவளும் அந்த வரியில் சத்தம் இல்லாமல் நின்றாள்.

ஏப்ரல் 20, திங்கள்

புது ஊசி தொடங்கிய பின் முதல் ரத்தம். நாற்காலியில் உட்கார்ந்ததும், "இன்னும் சொல்லல," என்றாள், மெதுவாக.

"ஏன்?"

"சொல்லிட்டா நீ என்னய இப்படிப் பாத்துக்கிட மாட்டியே."

"பாத்துக்கிடவா? ஒங்கள நான் பாத்துக்கிடுதேனா?" நரம்பைத் தேடித் தேடி விரல் வலித்தது. கீமோவில் நரம்பெல்லாம் சுருங்கிப் போயிருந்தன. ஒரு தடவை குத்தி வரவில்லை. இரண்டாம் தடவை குத்தினேன். அவள் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் நெற்றியில் வேர்த்தது.

கெசியா வாசலில் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மேடம், ரிப்போர்ட்டு எப்ப கிடைக்கும்? இந்தத் தடவயாவது சரியா இருக்குமா?" என்றாள்.

ஞானத்தங்கம் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி எழுந்தாள். நாற்காலிக் கையைப் பிடித்து நின்று மூச்சு வாங்கினாள்.

"மேடம் இல்லளா. அம்மான்னு கூப்பிடு."

"ஏன் அத்தை?"

"கூப்பிடு. இவளப் பத்தி நான் ஒனக்குச் சொன்னது எதுவும் நெசம் இல்ல. மிச்சத்த வீட்ல சொல்லுதேன்."

கெசியா என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. அத்தையின் கையைப் பிடித்து அழைத்துப் போகும்போது வாசலில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். புதுச் செருப்பு வாங்கவில்லை, அதே ஊக்குதான்.

டியூபில் பெயர் எழுத இரண்டு லேபிளைக் கெடுத்தேன். மூன்றாவதில்தான் ஞானத்தங்கம் என்று ஒழுங்காக வந்தது.

முப்பத்தொன்று. இறங்குகிறது. சும்மா ஒரு உறுதிக்காக மறுபடி ஓட்டினேன். முப்பத்தொன்றேதான்.

அவளை மன்னிக்கவில்லை. மிச்சம் என்கிறாளே, அதில் எவ்வளவு சொல்லுவாள், எதை விழுங்குவாள் என்று எனக்குத் தெரியாதா? முழுசும் சொல்லி முடிக்க அவளுக்கு நாளாகும். அதுவரை அவளைச் சாக விடப் போவதில்லை.